பேஸ்மட்டம் மூடும் அந்த ஒரு நாள்

பெறுநர்:
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: தரையிலிருந்து சுவரேறும் ஓதத்தைத் தடுக்க, சிறு வீடு கட்டுவோருக்கு வழிகாட்டுதல் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக எங்கள் படுக்கையறையில் இருந்த இரும்புப் பீரோவை நகர்த்தினோம். குடிவந்த நாள் முதல் பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்ற பீரோ. நகர்த்தியதும் முதலில் வந்தது நெடி. நனைந்த சாக்கை மடித்து வைத்து, மாதம் கழித்துப் பிரித்தால் வருமே, அதே நெடி. பிறகுதான் சுவர் கண்ணில் பட்டது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. அதன் மேல் விளிம்பில் கோலமாவு தூவியதுபோல் வெள்ளையாக ஒரு கோடு. விரல் பட்டதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. பீரோவின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கீழ்த்தட்டில் மல் துணியில் சுற்றி வைத்திருந்த என் தாயாரின் கல்யாணப் புடவையில், மடிப்புக்கு மடிப்பு துருக்கறை. அம்மா இப்போது இல்லை. அந்தப் புடவையை என் மகள் தனக்கென்று கேட்டு வைத்திருந்தாள்.

பெயிண்டர் வந்து பார்த்தார். சுரண்டிவிட்டு இரண்டு கோட் புட்டி வைத்தால் போதும் என்றார். பிளம்பர் வந்து, குழாய் எங்கோ கசிகிறது, சுவரை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவதாக, வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உளியால் ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி, உள்ளே இருந்த செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “சார், இது மேலேர்ந்து இறங்குற தண்ணி இல்ல. மண்ணுலேர்ந்து ஏறுது. பேஸ்மட்டத்துல தடுப்பு போடாம விட்டுட்டாங்க. இனிமே யாரு உள்ள போய்ப் பாக்குறது?” என்றார்.

அவருடைய கடைசிக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

துறைக்குத் தெரியாத பொறியியல் எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். நல்ல செங்கல்லே ஒரு நாள் முழுக்க நீரில் கிடந்தால் தன் எடையில் 15 சதவீதம், சாதாரண வகை 20 சதவீதம் வரை நீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. ஏறும் நீர் பெரும்பாலும் மூன்றடி அளவில் நின்றுவிடும். அந்த உயரத்தில் சுவர் வழியே ஆவியாகி வெளியேறும். ஆனால் மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பு ஆவியாகாது. சுவரிலேயே தங்கிப் படிகமாகும். படிகம் வளர வளரப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்கும். நான் பார்த்த வெள்ளைக் கோடு அதுதான். புட்டி, எமல்ஷன், மூன்றடிக்கு டைல்ஸ் என்று எதைக் கொண்டு அந்த இடத்தை மூடினாலும் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். டைல்ஸுக்கு மேலே புதிதாகப் பொரிய ஆரம்பித்த சுவர்கள் எங்கள் தெருவிலேயே பல உண்டு.

இதற்கான மருந்து மிகப் பழையது. பேஸ்மட்டம் வீட்டின் உள்தரை மட்டத்துக்கு வந்ததும், மேல் சுவர் தொடங்கும் முன், சுவரின் முழு அகலத்துக்கும் ஈரம் புகாத ஒரு படலம் போட வேண்டும். நீர் புகாமைக் கலவை சேர்த்த சிமென்ட் சாந்தோ, அடர்த்தியான கான்கிரீட்டோ போட்டு, காய்ந்தபின் அதன்மேல் இரண்டு கோட் தார் பூசுவார்கள். கட்டட வேலையில் அதற்கு டி.பி.சி. என்று பெயர். தரைக்கு அடியிலும் கிராவலை நன்றாக இடித்துக் கெட்டித்த பிறகு, தளம் போடுவதற்கு முன் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, விளிம்புகளைச் சுவரோரம் மடித்து விட வேண்டும். ஒரு சிறு வீட்டுக்கு இதெல்லாம் ஓரிரு நாள் வேலை. வீட்டுக்கு ஆகும் மொத்தச் செலவில் இந்தத் தொகை கண்ணிலேயே படாது.

ஆனால் இதைப் போட்ட மறுநாளே செங்கல் வைத்து மூடிவிடுகிறோம். அதன்பிறகு அந்த வீடு நிற்கும் காலம் வரை யாரும் அதைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் பல மரவீடுகளின் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி விடுகிறார்கள். வீட்டுக்காரர் ஆண்டுக்கொரு முறை டார்ச் விளக்கோடு உள்ளே போய், மண்மேல் விரித்த பாலித்தீன் கிழிந்திருக்கிறதா, மரம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். நாம் பேஸ்மட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே தளம் போட்டு மூடிவிடுகிறோம். நமக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அந்த நாளில் யாராவது பார்த்தார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்வு.

நான் அன்று பார்க்கவில்லை. பேஸ்மட்டம் முடிந்த வாரம் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. கான்கிரீட் கூரை போட்ட நாளில் குடும்பத்தோடு போய் நின்றேன். கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, வேட்டி புடவை எடுத்துக் கொடுத்தேன். கூரைக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியை அடிக்குக் கொடுத்திருந்தால் போதும். கட்டிக் கொடுத்தவரைப் பின்னர் கேட்டபோது, பெல்ட் கான்கிரீட் போட்டிருக்கிறோமே, அதுவே தடுப்புதானே என்றார். பெல்ட் என்பது சுவரின் எடையைச் சமமாகத் தாங்குவதற்கு. நீர் அதிகம் சேர்த்துத் தளதளவென்று குழைத்து, சரியாகக் குத்தி இறுக்காமல் போட்ட கான்கிரீட்டும் செங்கல்லைப் போலவே ஈரம் உறிஞ்சும். இது எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

இனி துறையிடம் நேரடியாக வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்கவெளி, உயரம், வண்டி நிறுத்தம் ஆகியவற்றைத் துல்லியமாகச் சொல்கின்றன. 2024 ஜூலையில் நீங்கள் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அதிகாரி வந்து பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பணி முடிவுச் சான்றும் வேண்டியதில்லை. மேசை மேசையாக அலைந்து ஆண்டுக்கணக்கில் நொந்த நடுத்தர மக்களுக்கு இது பெரிய விடுதலை. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனாலும் இந்த முறையில் வரும் வீடுகள் எவருடையவை என்று எண்ணிப் பாருங்கள். பெரிய அடுக்குமாடிகளுக்குப் பொறியாளர் குழுவே இருக்கும். சிறு மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுகிறவர் வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான் கட்டுகிறார். பி.எஃப். பணம், மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாம் அந்த வீட்டுக்குள் போகிறது. அடியில் என்ன போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. எனவே அனுமதி ஆணை அவர் கைபேசிக்கு வந்து சேரும்போது, கூடவே ஒரு பக்கத் தமிழ்த் தாள் வரட்டும். அதில் ஒரு படம்: கடைக்கால், பேஸ்மட்டம், ஈரத்தடுப்புப் படலம், அதற்கு மேல் சுவர். பக்கத்தில் நாலு வரி. கொத்தனாரிடம் காட்டிப் பேசக்கூடிய மொழியில், சட்ட வாசகம் இல்லாமல்.

அடுத்து, தடுப்பு போட்ட நாளில் நான்கு மூலைகளிலும் எடுத்த படங்களை அதே இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அனுமதியை நிறுத்தி வைப்பதற்காக அல்ல, பதிவுக்காக. படம் எடுக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்காரர் அன்று மனைக்குப் போவார். நான் வேண்டுவது அவ்வளவுதான். அரசு உதவியில் கட்டும் ஊரக வீடுகளுக்குப் பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு தவணைப் பணம் விடுவிப்பது ஏற்கனவே நடைமுறையில் உள்ளது. பேஸ்மட்டத்தைப் பார்த்துப் பதிவு செய்யும் அந்த வேளையில் தடுப்பையும் சேர்த்துப் பார்க்க, ஊரக வளர்ச்சித் துறையோடு பேசி ஒரு வரி சேர்க்கலாம்.

ஒரு தாளால் என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்டால் மழைநீர் சேகரிப்பை நினைவூட்டுங்கள். 2003-இல் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. அதற்கு முன் அந்தக் குழியை வெட்டத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. இன்று எந்தச் சிற்றூர்க் கொத்தனாரைக் கேட்டாலும், குழியின் ஆழம், ஜல்லியின் அளவு என்று மளமளவென்று சொல்வார். அரசு சொன்னால் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி கற்றுக்கொள்வார். சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும். 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பயிற்சிகளில் இந்த ஒரு பாடத்தைச் சேர்க்கத் தொழிலாளர் நலத்துறையிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மனம் நோகும் இன்னொரு விஷயம், சாலை மட்டம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிட 450 மில்லிமீட்டராவது, அதாவது ஒன்றரை அடி, உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டுக்கு நான் மூன்றடி உயர்த்தினேன். தெருவிலிருந்து வாசலுக்கு நான்கு படி. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, இன்று இரண்டு படிதான் மிச்சம். என் வீட்டுக்கு முன்பே கட்டிய எதிர்வீட்டுப் பாட்டி இப்போது தெருவிலிருந்து கீழே இறங்கித்தான் தன் வாசலுக்குப் போகிறார். சாலை உயர்ந்தால் மழைநீர் உள்ளே வரும். அது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேர் கவனிக்காதது வேறொன்று. தண்ணீருக்குப் பயந்து வீட்டைச் சுற்றியுள்ள முற்றத்தையும் மண் கொட்டி உயர்த்துகிறோம். அந்த மண் சுவரில் உள்ள ஈரத்தடுப்புக்கு மேலே வந்துவிட்டால் தடுப்பு இருந்தும் பயனில்லை. ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் சுவருக்குள் போய்விடும். ஒழுங்காகத் தடுப்பு போட்டுக் கட்டிய வீடுகூட இப்படித்தான் கெடுகிறது.

2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று அறிவுறுத்தினார். அந்த அறிவுறுத்தல் எங்கும் நிறைவேற வேண்டுமானால் கைக்கு ஓர் அளவு வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் அந்தத் தெருவின் அன்றைய சாலை மட்டத்தைப் பதியுங்கள். பத்தாண்டு கழித்துச் சாலை போட வருகிறவரிடம் வீட்டுக்காரர் அந்தத் தாளைக் காட்டிப் பேச முடியும். இன்று எங்கள் கையில் எண்ணிக்கை குறைந்த படிகளைத் தவிர வேறு சான்று இல்லை.

பராமரிப்பைப் பற்றியும் அந்த ஒரு பக்கத் தாளின் பின்புறத்தில் அச்சிட வேண்டுகிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுச் சாமான்கள் முழுவதும் வாசலுக்கு வரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த ஒரு நாளில் வீடு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்கே ஊறியிருக்கிறது, எங்கே கரையான் மண்கோடு போட்டிருக்கிறது என்று பாட்டிமார்கள் விரல் நீட்டிச் சொல்வார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெளியே விட்டுவிடும். உயரமான கல் பேஸ்மட்டமும் திண்ணையும் சுண்ணாம்புச் சுவருமாக நின்ற செட்டிநாட்டு வீடுகள் நூறாண்டு கண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது ஏழெட்டு ஆண்டுக்கொரு முறை பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் கட்டிலையும் பீரோவையும் யாரும் நகர்த்துவதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். அதற்கு முன், ஆவணியிலேயே வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் சுவரின் காலடியில் தண்ணீர் கொட்டுகிறதா? ஏ.சி. குழாய் நாள் முழுக்கச் சொட்டும் இடம் எது? எங்கள் வீட்டில் மிக மோசமாகப் பொரிந்த சுவரின் வெளிப்புறத்தில்தான் ஏ.சி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழக் குழாயை மாட்டித் தள்ளி விடுவதற்குப் பதினான்கு ஆண்டு தோன்றவில்லை. சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். இரண்டடி தள்ளி வைத்தால் செடியும் வாழும், சுவரும் வாழும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம் போட்டு, அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தால் மழைநீர் கடைக்காலில் இறங்காது. கட்டில், பீரோ எல்லாம் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே இருக்கட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருந்தால், முழங்கை நீளத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். சன்னலைத் திறந்து வைத்தால் பாதி தீரும். பெயிண்டரும் பிளம்பரும் ஆளுக்கொன்று சொல்லிப் பணம் வாங்குவதற்கு முன் வீட்டுக்காரரே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

ஏற்கனவே ஓதம் ஏறிய வீட்டுக்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சுவரின் அடியில் சில அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, ஈரம் தடுக்கும் ரசாயனத்தை உள்ளே செலுத்தி, உப்பேறிய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் காயப் பல மாதங்கள் பொறுத்து, பிறகு பூச வேண்டும். செலவு அதிகம். அதைவிடக் கடினம் பொறுமை. பாதியில் புட்டி வைத்தால் போட்ட பணம் வீண்.

கடைசியாக, இது சுவரின் அழகைப் பற்றிய புகார் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறுகளும் அதிகம் என்கிறது. உங்கள் துறையின்கீழ் உள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளிலும் மற்ற எல்லா இடங்களிலும், படியேற முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும்தான் தரைத்தளத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். ஓதம் முதலில் ஏறுவதும் தரைத்தளத்தில்தான். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் அந்தச் சுவரோரம்தான் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள். வாரியக் குடியிருப்புகளில் ஆண்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும்போது தரைத்தள வீடுகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து மனையில் போன வாரம் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம் தம்பதி, கையில் குழந்தை. நான் போய் என் வீட்டுச் சுவரைக் காட்டி, பேஸ்மட்டம் முடியும் நாளில் கட்டாயம் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். தமிழ்நாட்டில் இந்த மாதம் கடைக்கால் தோண்டும் மற்றவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு பக்கத் தாளை, அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின் தென்புறத்தில் தரைத்தள வீட்டில் வசிக்கும் ஒரு குடிமகன்